விடுமுறை எந்த மாவட்டத்துக்கு?

செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியை நெருங்கினாலே குன்றத்தூர், சிறுகளத்தூர், காவனூர், திருமுடிவாக்கம் என்று எச்சரிக்கை வரும். கூடவே 'காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு விடுமுறை' என்று டிவியில் ஓடும். பிள்ளைகள் இழுத்துப் போர்த்திப் படுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் இதே தவறுதான். ஆட்சியர் அறிவிப்பது கல்லூரி இருக்கும் மாவட்டத்துக்கு; வீடு இருக்கும் மாவட்டத்துக்கு அல்ல. குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். பக்கத்துப் பூந்தமல்லி திருவள்ளூர், பம்மல் செங்கல்பட்டு, போரூர் சென்னை. அங்கே கல்லூரி நடந்தால் உங்களுக்கு ஆப்சென்ட். 'பள்ளிகளுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65 வரை சலுகை உண்டு. ஆனால் அது மருத்துவம், விளையாட்டு போன்ற காரணங்களுக்கு. வெள்ளம் என்று தனியாக எழுதவில்லை. 2015 டிசம்பரில் வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்ட செம்பரம்பாக்கம் ஏரியின் கீழே குடியிருப்பவன் என்ன செய்வான் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும்.

ஆகவே தண்ணீர் வடிந்த வாரமே, துறைத்தலைவர் வழியாகக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். வராத தேதிகள், தெருப்பெயர், தேதியோடு புகைப்படம் இருக்கட்டும். வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்றும் கேட்டுப் பாருங்கள். கடிதம் இரண்டு பிரதி. உங்கள் பிரதியில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து. போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். "சார், வீட்டுக்குள்ள தண்ணி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். முத்திரை வாங்குங்கள்.

கல்லூரிகளும் மழை நாளன்று காலையில் கூகுள் மீட் லிங்க்கை அனுப்பிக் கைகழுவுகின்றன. கரண்ட் இல்லாத வீட்டில் அதை வைத்து என்ன செய்வது? விடுபட்ட வகுப்பும் ஆய்வகமும் எந்தச் சனிக்கிழமை, ஆன்லைன் வகுப்புக்கு வருகைப்பதிவு உண்டா, பதிவு செய்த பாடம் எங்கே கிடைக்கும்: இவற்றை அக்டோபருக்கு முன்பே சுற்றறிக்கையாகக் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்த்துப் படிப்பவர்கள் அதையும் இப்போதே எழுதிக் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் யூஜிசியின் 2023 விதிப்படி கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் போகலாம். 15 வேலை நாளில் குழு அறிக்கை தர வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால், முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. முடிவை வாயால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். தேதியிட்ட நகல் வாங்குங்கள்.