இடம் கிடைத்துவிட்டது, மதிப்பெண் கணக்கு இன்னும் முடியவில்லை

மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் வந்ததும், இடம் கிடைத்த பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கடிதத்தின் அடியில் உள்ள நிபந்தனையைப் பலர் படிப்பதே இல்லை. 12-ஆம் வகுப்பை இதே தரத்தில் முடிக்க வேண்டும், இறுதி மதிப்பெண் பட்டியல் குறித்த நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்பதே அது. இரண்டில் ஒன்று தவறினாலும் இடத்தை ரத்து செய்யக் கல்லூரிக்கு அதிகாரம் உண்டு.

இது வெறும் மிரட்டல் அல்ல. 2017 கோடையில், வகுப்புகள் தொடங்க இரண்டு மாதம் இருக்கையில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் 499 மாணவர்களின் சேர்க்கையை ரத்து செய்தது. அவர்களில் 290 பேருக்குச் சொல்லப்பட்ட காரணம் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) தொடர்பான சிக்கல். மற்றவர்களுக்குக் கடைசி ஆண்டு மதிப்பெண் குறைவு. எதிர்ப்பு வலுத்ததும் வளாகத் தலைவர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார். கல்வித் தகுதியை எட்டாதவர்கள் நீங்கலாக மற்றவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. இடம் ரத்தானவர்களில் பெரும்பாலோரைச் சிக்கவைத்தது படிப்பு அல்ல, காகிதம்.

எப்போது, யார் அனுப்புவது?

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் வழியாக விண்ணப்பித்தால், மதிப்பெண் பட்டியலைப் பள்ளி கவுன்சிலர்தான் அனுப்புவார். விண்ணப்பத்தோடு 11-ஆம் வகுப்பு வரையிலான மதிப்பெண்ணும் 12-ஆம் வகுப்பில் எடுத்துள்ள பாடங்களின் பட்டியலும் போகும். முதல் பருவம் முடிந்ததும் ஜனவரி, பிப்ரவரியில் நடு ஆண்டு அறிக்கை. பள்ளி முடிந்ததும் இறுதி அறிக்கை. நடு ஆண்டு அறிக்கையை எல்லாக் கல்லூரிகளும் கேட்பதில்லை. ஒவ்வொன்றின் விதியையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகம், நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் போன்றவற்றில் மாணவரே மதிப்பெண்ணைப் பதிவு செய்கிறார். சேர்ந்த பிறகு அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட்டோடு ஒப்பிடுவார்கள். நினைவிலிருந்து எழுதாமல், டிரான்ஸ்கிரிப்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். தெரியாமல் செய்த பிழையும் பொய்த் தகவலாகப் பார்க்கப்படலாம்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பொதுத்தேர்வு முடிவு மே மாதவாக்கில்தான் வரும். அதுவரை கல்லூரி பார்ப்பது பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை. பள்ளி அதை உயர்த்திக் கொடுத்து, பொதுத்தேர்வில் வெகுவாகக் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மாணவரே.

உங்கள் உரிமைகள்

அமெரிக்காவில் 1974-இல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் பதிவேட்டுச் சட்டப்படி, மத்திய அரசின் கல்வி நிதி பெறும் பள்ளியில் உங்கள் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பெற்றோருக்கு உள்ள இந்த உரிமை, 18 வயதானதும் பிள்ளைக்கு மாறுகிறது. மதிப்பெண் தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தக் கோரலாம். பள்ளி மறுத்தால் முறையான விசாரணை கேட்கலாம். ஆனால் ஆசிரியர் போட்ட மதிப்பெண் நியாயமானதா என்ற வழக்கை இதில் கொண்டுபோக முடியாது. சட்டம் மீறப்பட்டால் 180 நாளுக்குள் மத்தியக் கல்வித் துறையிடம் புகார் தரலாம். நிதி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது.

காமன் ஆப்பில் ஓர் உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். அது பரிந்துரைக் கடிதங்களைப் படிக்கும் உரிமை பற்றியது. மதிப்பெண்ணைப் பார்க்கும் உரிமை அதனால் போய்விடாது.

மதிப்பெண் சரிந்தால்?

ஒரு பாடத்தில் டி அல்லது எஃப் கிரேடு வரும்போலத் தெரிந்தாலும், விண்ணப்பத்தில் ஏற்கெனவே சொன்ன பாடத்தைப் பாதியில் விட்டாலும், கல்லூரிக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். கவுன்சிலரிடம் பேசிவிட்டுச் சுருக்கமாக மூன்று விஷயம் சொன்னால் போதும்: என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்யப்போகிறீர்கள். உடல்நலமோ குடும்ப நெருக்கடியோ காரணமானால் சான்றை இணையுங்கள். கோடை வகுப்பில் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கவோ, கண்காணிப்பு நிபந்தனையோடு சேரவோ வழி கிடைக்கலாம். மறைத்து, ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட் காட்டிக்கொடுத்தால் குறைந்த மதிப்பெண்ணோடு நம்பிக்கையும் போய்விடும்.

இடம் ரத்தானால் கெடு முடிவதற்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அனுப்பிய தேதி, ரசீது, மின்னஞ்சல் எல்லாம் அப்போது கைகொடுக்கும். அதுவும் பலிக்காவிட்டால், இடம் மிச்சமுள்ள கல்லூரிகளின் பட்டியலை நாகாக் என்ற சேர்க்கை ஆலோசகர் சங்கம் ஆண்டுதோறும் மே மாதத்தில் வெளியிடுகிறது. கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ந்து பின்பு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வதும் நல்ல வழியே.

கடைசியாக ஒரு வேலை. கோடையில் பல பள்ளி அலுவலகங்களில் ஆள் இருக்காது. பட்டமளிப்புக்கு முன்பே இறுதி டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு எழுதிக் கொடுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கெடு வழக்கமாக ஜூலை 1. பள்ளி அனுப்பிவிட்டதாகச் சொன்னாலும், கல்லூரி போர்ட்டலில் வந்து சேர்ந்ததா என்று பார்த்து உறுதி செய்துகொள்வது உங்கள் பொறுப்பு.