விடிவதற்குள் எடுக்க வேண்டிய முட்டைகள்

தாயின் வயிற்றுக்குள் இருக்கும்வரை கடலாமையின் கரு ஓர் அளவுக்கு மேல் வளராது. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. முட்டை மணற்குழியில் விழுந்து காற்றுப் பட்ட பிறகுதான் வளர்ச்சி மறுபடி தொடங்கும். அடுத்த சில மணி நேரத்தில் கருவும் அதைச் சூழ்ந்த சவ்வும் ஓட்டின் மேற்பக்க உட்சுவரில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். ஒட்டிய பின் முட்டையைப் புரட்டினால் சவ்வு கிழிந்து கரு செத்துப்போகும். அடைகாக்கும் கோழி தன் முட்டைகளை நாளுக்குப் பலமுறை புரட்டிவிடுகிறது. ஆமை முட்டைக்கு அதைச் செய்தால் கொலை.

நாய்களிடமிருந்து காப்பாற்ற முட்டையை எடுத்து வேறிடத்தில் வைப்பதானால் விடிவதற்குள் வைத்தாக வேண்டும். சென்னைக் கல்லூரி மாணவர்கள் 1988 முதல் ஆண்டுதோறும் சனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் கடற்கரையில் நடப்பது இதனால்தான். அந்த ஆண்டு அவர்களே தொடங்கிய அமைப்பின் பெயர் ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க். நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நடை.

தேடுவது பங்குனி ஆமையை. முட்டையிடும் பருவத்தின் மாதமே அதற்குப் பெயராகிவிட்டது. நாற்பது கிலோ எடையுள்ள உடலைத் தூக்கிக்கொண்டு, துடுப்புக் கால்களை மாற்றி மாற்றி ஊன்றி அது மேலேறிய தடம் ஈர மணலில் தெரியும். தடம் முடியும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். ஆனால் குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. முட்டையிட்டதும் தாய் தன் உடம்பாலேயே தட்டித்தட்டி மணலை இறுக்கிவிட்டுப் போயிருக்கும். மெல்லிய கம்பியை அங்கங்கே இறக்கிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் கம்பி நிற்கும், குழியின் வாயில் இளகி இறங்கும். அதற்குப் பிறகு கைதான். முழங்கையையும் தாண்டி உள்ளே விட்டு, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக, புரளாமல் எடுக்க வேண்டும். முதல் தடவை எடுக்கிற பையனோ பெண்ணோ அந்த நேரத்தில் பேசமாட்டார்கள்.

எடுத்தவை குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும். தாய் தோண்டியதைப் போலவே, வாய் குறுகி அடி அகன்ற குழியை அதே ஆழத்தில் தோண்டிப் புதைப்பார்கள். ஆழம் தவறினால் வெப்பம் தவறும், வெப்பம் தவறினால் குஞ்சின் பால் மாறும். கடலாமைக்கு ஆண், பெண் என்று முடிவு செய்யும் குரோமோசோம் கிடையாது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் சுமார் 29, 30 டிகிரிக்கு மேல் இருந்தால் பெண்கள் மிகும், கீழே இருந்தால் ஆண்கள் மிகும். இன்னும் மிகச் சூடானால் கருவே பிழைக்காது. பொரிப்பகத்துக்கு மேல் நிழல் போட வேண்டுமா, எப்போது என்பதெல்லாம் உயிரியல் கேள்விகள். பாடப்புத்தகத்தில் இவற்றை இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்த பிள்ளை, இங்கே தப்பாகச் சொன்னால் நூறு குஞ்சுகள் போய்விடும் என்று தெரிந்துகொண்டு பதில் தேடுகிறது.

நடையைத் தொடங்கியவர்கள் இவர்களுக்கும் மூத்தவர்கள். 1970-களில் கிண்டி பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் குழு அது. அதில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். சென்னை ஐஐடியில் படிக்க வந்து, ஆமைகளின் பின்னால் போனவர். 1982-இல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாக இருந்து ஆமைகளைக் கவனித்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் போத்தலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்க, கண்டெடுத்த மீனவர் அஞ்சலில் சேர்த்துவிட்டார்! 1988 மாணவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர், நாட்டின் முதன்மையான கடலாமை ஆய்வாளர்களில் ஒருவர். எல்லாரும் அப்படி ஆவதில்லை. ஆகவும் வேண்டாம்.

பங்குனி ஆமைக்கு நீலாங்கரையோடு கரை முடிவதில்லை. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று தெற்கே நீள்கிறது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் எதிரே உள்ள மணலை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இந்தக் கரையோர மீனவ ஊர்களில் வேறொரு அமைப்பு வேறொரு வழியில் போயிற்று. சுப்ரஜா தாரிணி 2002-இல் தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன், அந்தந்த ஊர் இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாக்கியது. எந்த மேட்டில் ஆமை ஏறும், எந்த இடத்தை அலை அடித்துப் போகும் என்பது அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வெளியூர் மாணவர் ஒரு பருவம் முழுக்க நடந்து கற்பதை அவர்கள் பள்ளிக்குப் போகும் முன்பே அறிந்திருப்பார்கள். அந்த அறிவுக்கு ஒரு பதவியும் மரியாதையும் கிடைத்ததுதான் புதிது.

இத்தனை உழைப்பும் ஆமை இனத்தைக் காப்பாற்றிவிடுமா? பொரியும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்பது பொதுவான கணக்கு. பெரிதாகி முட்டையிடக் கரைக்கு வரும் தாய்கள் இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகின்றன. 2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கரையை ஒட்டி இழுவலை போடக் கூடாது என்ற விதியையும், வலையில் ஆமை வெளியேறும் வழி வைக்க வேண்டும் என்ற விதியையும் நடைமுறைப்படுத்த வேண்டியது அரசு. தன்னார்வலரின் கைக்கு எட்டாத வேலை அது. பொரிப்பகம்கூட இரண்டாந்தரத் தீர்வுதான். நாய்களும் விளக்குகளும் இல்லாத கரையில் முட்டையை அதன் குழியிலேயே விட்டுவிடுவதே மேல்.

பிள்ளைகளுக்கு உதவும் அமைப்பு என்றதும் நோட்டுப் புத்தகமும் மதிய உணவும்தான் நம் நினைவுக்கு வரும். அவை தேவை, மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் ஒருவருக்குக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் பொறுப்பு. உன் கையில் இருப்பது உயிர், விடிவதற்குள் கொண்டு சேர் என்று நம்பிக் கொடுப்பதற்கு வீட்டிலும் கல்லூரியிலும் ஆளில்லை. இந்த அமைப்புகள் கொடுக்கின்றன.

பொரிந்த குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி ஓடும். கிழக்குக் கடற்கரைச் சாலை (இ.சி.ஆர்.) ஓரமாக விடுதியோ வீடோ வைத்திருப்பவர்கள் சனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு சனிக்கிழமை இரவு நடைக்கு அனுப்புங்கள். கைபேசி டார்ச்சை மட்டும் போடவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.