காரம் இல்லாத சுருட்டு

பிள்ளைச்சாவடியில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய கரையில், ஒரு பெரியவர் புதுச் சுருட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். உடனே பற்றவைக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல அழுத்திக்கொண்டே போனார். எங்காவது கல்லாக இறுகியிருந்தால் புகை வராது. பொதபொதவென்று இருந்தால் சீக்கிரம் எரிந்து நாக்கைச் சுடும். பிறகு மோந்து பார்த்தார்.

"காரமே இல்ல தம்பி. தொண்டைக்குப் போவாது, வாயோட நிக்கும்."

ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு'தான். திண்டுக்கல் பக்கத்து இலையில் உருவான திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் இங்கிலாந்து வரை போனது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சிந்திக் கிடந்த சாம்பலை வைத்துக் கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார்.

சாம்பலைப் பார்ப்பது கதைக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. இலையில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் சுருட்டு அணையாமல் சீராக எரியும். உப்புத் தண்ணீர் பாய்ந்த தோட்டத்து இலையில் குளோரைடு ஏறிவிடும். அது அடிக்கடி அணைந்துபோகும், சாம்பலும் கறுத்திருக்கும்.

காரம் எப்படிக் குறைகிறது? நிகோடின் உருவாவது வேரில். அது மேலேறி உச்சி இலைகளில் அதிகம் சேர்கிறது. அடி இலைகள் சாதுவானவை. அறுத்த இலையை நிழலில் மெதுவாக உலர்த்தி, அம்பாரமாக அடுக்கிப் புழுங்கவிடுவார்கள். அம்பாரம் தானாகவே சூடேறும். புரதங்கள் சிதைந்து அம்மோனியா வெளியேற, பச்சை நெடி போய் மணம் பிறக்கும். நாம் 'ருசி' என்பதில் பெரும்பகுதி, வாயிலிருந்து பின்வழியாக மூக்குக்கு ஏறும் இந்த மணம்தான். ஆனால் புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் உருவாவதும் இந்த உலர்த்தலிலும் புழுக்கத்திலும்தான்.

தமிழில் 'காரம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நாக்கில் உறைப்பதும் காரம். வேதியியலில் அமிலத்துக்கு எதிரானதும் காரம். நாக்குக்குக் காரமில்லாத சுருட்டின் புகையும் வேதியியலில் காரமே.

சிகரெட் இலையைச் சூட்டில் வேகமாக உலர்த்துவதால் அதில் சர்க்கரை தங்கிவிடுகிறது. புகை அமிலமாக, பிஎச் 6-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் நிகோடினில் நூற்றில் ஒரு பங்குதான் சவ்வைச் சுலபமாகக் கடக்கும் வடிவில் இருக்கும். அதனால்தான் சிகரெட் புகையை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டியிருக்கிறது. சுருட்டுப் புகையின் பிஎச் 8-ஐத் தொடும், சில சமயம் தாண்டும். அப்போது நிகோடினில் பாதி அந்த வடிவுக்கு வந்துவிடும். உள்ளே இழுக்கவே வேண்டாம், கன்னத்தின் உட்சவ்வே உறிஞ்சிக்கொள்ளும். பெரிய சுருட்டுகள் சிலவற்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலை உண்டு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'வாயோட நிக்கும்' என்று பெரியவர் சொன்னதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாயோடு நிற்பதே அதன் வழி.

அன்று அவர் புகையைக் கன்னத்தில் நெடுநேரம் அடக்கி வைத்திருந்து, கடலைப் பார்த்து ஊதினார். சிரித்தபோது இடது கன்னத்தின் உள்ளே, விரல்நகம் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

"வலிக்கலன்னாலும் ஒருதரம் டாக்டர்கிட்ட வாயத் தெறந்து காட்டிடுங்க தாத்தா. நாளைக்கே போலாம், நான் கூட வரேன்."