கொடியில் ஒரு கோயில்

தன் தேசியக் கொடியில் ஒரு கோயிலைப் பொறித்துப் போற்றும் நாடு கம்போடியா. அக்கோயிலே அங்கோர் வாட். 12-ஆம் நூற்றாண்டில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கென எழுப்பியது; பின்னர் பௌத்தர்களின் வழிபாட்டிடமாயிற்று.

1953-இல் பிரெஞ்சு ஆதிக்கம் நீங்கி முடியாட்சி நிலவிற்று. 1970-இல் குடியரசு வந்தது. 1975 முதல் 1979 வரை, தம் மக்களையே இலட்சக்கணக்கில் மாய்த்த கெமர் ரூஜ் ஆட்சி நடந்தது. கொள்கையால் முற்றிலும் மாறுபட்ட இம்மூன்றும் அக்கோயிலையே கொடியில் தாங்கின. பழம்பெருமை நல்லாட்சிக்கும் கொடுங்கோலுக்கும் ஒருங்கே அணியாகும் என்பது இதனால் புலனாகின்றது.

அண்டை நாட்டுப் பூசலுக்கும் அது வித்தாகும். பிரெயா விகார் என்னும் பழஞ் சிவாலயம் கம்போடியாவுக்கே உரியதென 1962-இல் ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2008-க்கும் 2011-க்கும் இடையே தாய்லாந்துப் படையும் கம்போடியப் படையும் அங்கே பன்முறை மோதின. உயிர்கள் பல மாண்டன. 2025-இல் எல்லையில் மீண்டும் போர் மூண்டது.

தாய் எழுத்தோ பழைய கெமர் எழுத்தினின்றும் கிளைத்தது. பூசலுக்குரிய எல்லைக் கோடு, 1900-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் படத்தில் வரைந்தது. கோயிலைக் கட்டிய மன்னர்கள் அக்கோட்டினை அறியார். பாட்டன் தேடிய செல்வம் பேரர் இருவர்க்கும் பொது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.