வலையமைப்பு முடியும் இடம்: வீட்டு வழிப்படுத்தி யாருக்குரியது?

இணைய சேவை பெறும் வீடுகளிற் சுவரோரமாகச் சிறு விளக்குகள் மினுங்க வீற்றிருக்கும் பெட்டியைப் பற்றிப் பெரும்பாலோர் சிந்திப்பதில்லை. சேவை நிறுவனம் கொண்டுவந்து வைத்தது. பழுதுற்றால் நிறுவனமே மாற்றித்தரும் என்பதோடு எண்ணம் நின்றுவிடுகின்றது. றவுட்டர் எனப் பொதுவழக்கில் அறியப்படும் இவ்வழிப்படுத்தியை அகற்றி, அவ்விடத்தில் வீட்டார் தாமே வாங்கிய கருவியொன்றைப் பொருத்த இயலுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, தொழில்நுட்பவியலாளர்க்கு மாத்திரமே உரியதாகத் தோன்றும். ஆயின் ஜேர்மனியில் இவ்வினா பல்லாண்டு வாதப் பிரதிவாதங்களுக்கு உட்பட்டு, ஈற்றிற் பாராளுமன்றச் சட்டமொன்றினாலேயே தீர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் நடுநாயகமாக நின்றது ஒரேயொரு வரையறை: நிறுவனத்தின் வலையமைப்பு எவ்விடத்தில் முடிகின்றது என்பதே அது. அவ்வரையறையின் பொருளையும் அதன் பின்னணியையும் நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் அப்பெட்டியின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். அது ஒரு கருவியன்று; பல கருவிகள் ஒரே உறையினுள் அடைக்கப்பட்ட தொகுதி. கம்பியில் வரும் குறிகையை இலக்கத் தரவாக மாற்றும் மோடெம் அதில் ஒன்று. வீட்டிலுள்ள கணினிகளுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் உள்முகவரி வழங்கி, அவை யாவற்றையும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகக் காட்டும் வழிப்படுத்தி மற்றொன்று. கம்பியில்லாத் தொடர்பை ஏற்படுத்தும் பகுதியும், தொலைபேசிக் குரலை இணையத் தரவாக மாற்றும் பகுதியும் இவற்றோடு சேர்ந்துள்ளன. நிறுவனத்தின் கம்பியோடு நேரடி உறவுடையது மோடெம் மாத்திரமே. ஏனையவை வீட்டின் அகவாழ்வோடு பின்னியவை. வீட்டிலிருந்து வெளியே செல்லும் போக்குவரத்தை நிறுவனம் எவ்வாறாயினும் காணும். ஆயின் வீட்டினுள் எத்தனை கருவிகள் உள, எவை எப்போது விழித்திருக்கின்றன, ஒன்றோடொன்று யாது பேசுகின்றன என்பவற்றை அறியத்தக்க இடத்தில் இருப்பது அப்பெட்டியே. 2004இல் வகுக்கப்பட்ட டிஆர்-069 என்னும் நெறிமுறை, அப்பெட்டியை நிறுவனம் தொலைவிலிருந்தே மாற்றியமைக்கவும் அதன் மென்பொருளைப் புதுப்பிக்கவும் இடமளிக்கின்றது. வாயிற்கதவின் திறப்பொன்று நிறுவனத்தின் கையிலேயே இருக்கின்றது எனலாம்.

இணையத்தோடு தோன்றிய பிரச்சினையன்று இது. ஐக்கிய அமெரிக்காவில் ஏரிஅன்ட்ரி நிறுவனம் தனது தொலைபேசியில் அந்நிய பொருள் எதனையும் இணைக்கலாகாது எனத் தடுத்துவந்தது. பேசுவோரின் குரல் அயலார் செவிக்கு எட்டாதவாறு வாய்ப்பகுதியிற் பொருத்தப்படும் ‘ஹஷ்-எ-ஃபோன்’ என்னும் வெறுங் கிண்ணத்தைக்கூட அந்நிறுவனம் எதிர்த்து வழக்காடியது. 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கிண்ணத்தின் பக்கம் நின்றது. 1968இல் வானொலித் தொடர்பைத் தொலைபேசியோடு பொருத்தும் ‘காட்டர்ஃபோன்’ கருவி பற்றிய தீர்ப்பு, வலையமைப்புக்கு ஊறு செய்யாத எக்கருவியையும் இணைக்கலாம் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியது. அதன் பின்னரும் நிறுவனம் ஓய்ந்ததில்லை. அந்நிய கருவிக்கும் கம்பிக்கும் இடையே தான் வாடகைக்கு வழங்கும் ‘பாதுகாப்பு’ இணைப்பியொன்று இருத்தல் வேண்டும் என்றது. வலையமைப்பின் பாதுகாப்பு என்னும் நியாயம் வாடகைப் பட்டியலாக உருமாறிய இந்நிகழ்ச்சியைப் பின்னர் நாம் கூறவிருப்பவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

மேற்கு ஜேர்மனியில் ஏகபோகம் அரச அஞ்சற்றுறையிடம் இருந்தது. அதன் அங்கீகாரம் பெறாத மோடெமைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்தல் தண்டனைக்குரிய குற்றம். 1980களில் ‘கேயொஸ் கொம்பியூட்டர் கிளப்’ என்னும் அமைப்பினர், கம்பியைத் தொடாமல் தொலைபேசிக் கைபிடியின்மீதே பொருந்தும் ஒலியிணைப்பி ஒன்றைத் தாமே செய்துகொள்ளும் முறையை வெளியிட்டனர். மலசலகூடக் குழாய்களுக்குரிய இறப்பர் வளையங்கள் அதிற் பயன்பட்டமையால் அதற்குச் ‘தரவு மலசலகூடம்’ எனப் பொருள்படும் பெயரையே அவர்கள் சூட்டினர். ஏகபோகத்தை எள்ளி நகையாட இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது! 1988இல் ஐரோப்பிய சமூகத்தின் பணிப்புரை முனையக் கருவிகள் மீதான தனியுரிமைகளை ஒழிக்கப் பணித்தது. 1990இல் ஜேர்மனியிலும் அவ்வேகபோகம் முடிவுற்றது.

ஆயின் ஒழிந்த ஏகபோகம் வேறு வடிவில் மீண்டது. அகலப்பட்டை இணையம் பரவிய காலத்தில் தனியார் நிறுவனங்கள் சில, தமது பெட்டியன்றி வேறெதுவும் தமது வலையமைப்பில் இயங்காதவாறு செய்தன. இதற்குச் சட்டத் தடை தேவைப்படவில்லை. இணைப்புக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தொலைபேசிக் கணக்கின் விபரங்களையும் வாடிக்கையாளருக்கு வழங்காது விடுதலே போதுமானதாயிற்று. பெட்டியும் வலையமைப்பின் ஓர் உறுப்பே என்பது அவர்களின் வாதம். அன்றிருந்த சட்டமோ வலையமைப்பின் முடிவிடத்தை ஐயத்துக்கிடமின்றி வரையறுத்திருக்கவில்லை. ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை முதலிய அமைப்புகள் 2013 முதல் இதற்கெதிராக இயங்கின. அவ்வாண்டின் இறுதியில் அமைந்த கூட்டணி அரசின் உடன்படிக்கையிலும் இக்கட்டாயத்தை நீக்கும் வாக்குறுதி இடம்பெற்றது. 2015 நவம்பரிற் பாராளுமன்றம் ஏற்ற சட்டம் 2016 ஓகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பொது வலையமைப்பு மின்னூட்டம் வேண்டாத இணைப்பிடத்தில், அதாவது சுவரிலுள்ள பொருத்தியில், முடிகின்றது என அது விதித்தது. தேவையான இணைப்பு விபரங்களைக் கேளாமலே, கட்டணமின்றி, எழுத்தில் வழங்கவேண்டும் என்பதும் அதன் விதி. எமது கருத்தின்படி இவ்விரண்டாவது விதியே உயிர்நாடியானது. விபரங்கள் மறைக்கப்பட்டிருக்குமிடத்து முதலாவது விதி ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்திருக்கும்.

சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதங்களுக்குள், 2016 நவம்பர் இறுதியில், டொயிச் ரெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ 900,000 வாடிக்கையாளரின் இணைப்புகள் செயலிழந்தன. தொலைப் பராமரிப்புக்கெனத் திறந்திருக்கும் 7547 என்னும் வாயிலைக் குறிவைத்து, ‘மிராய்’ என்னும் தீநிரலின் வழித்தோன்றலொன்று உலகெங்கும் நடத்திய தாக்குதலின் விளைவு அது. பெட்டிகள் தொற்றுக்கு ஆளாகவில்லை; தாக்குதலைத் தாங்காது முடங்கின. ஒரேவகைப் பெட்டி இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்குமிடத்து ஒரு குறைபாடு அத்தனை வீடுகளையும் ஒருங்கே வீழ்த்தும் என்பது இதனாற் புலனாயிற்று. எனினும் சொந்தக் கருவி என்பதனாலேயே அது பாதுகாப்பானதாகிவிடாது. பேர்லினைச் சேர்ந்த ஏவிஎம் நிறுவனத்தின் பெட்டிகளில் 2014இல் வெளிப்பட்ட குறைபாட்டைப் பயன்படுத்தி, உரிமையாளரின் செலவில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகள் மேற்கொள்ளப்பட்டன. திருத்தம் விரைந்து வெளியாயிற்று. ஆனால் சொந்தக் கருவியில் அதனை நிறுவும் பொறுப்பு உரிமையாளருடையதே.

ஒளியிழை வந்ததும் பழைய வாதம் புத்துயிர் பெற்றது. இதனை வெறும் சூழ்ச்சியெனத் தள்ளுதல் நேர்மையாகாது. ஒளியிழை வலையமைப்பிற் பெரும்பாலும் ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குக் கிளைபிரிகின்றது; ஒவ்வொரு வீட்டின் கருவியும் தனக்குரிய நேரத்துணுக்கில் மாத்திரமே ஒளியை அனுப்புதல் வேண்டும். முறைதவறும் ஒரு கருவி அயல்வீடுகளின் தொடர்பையும் குலைக்கக்கூடும். இது மெய்யான இடர்ப்பாடே. ஆயின் நியமங்களுக்கு அமைந்த கருவியைக் கோருதல் ஒன்று, நிறுவனத்தின் கருவியையே கோருதல் வேறொன்று. நிறுவனங்களின் சங்கங்கள் வேண்டிய பொது விதிவிலக்கை ஜேர்மன் ஒழுங்குபடுத்தும் நிறுவகம் 2025இன் தொடக்கத்தில் நிராகரித்தது.

நடைமுறையில் மாற்றம் செய்ய விழைவோர் முதலில் தமது இணைப்பின் வகையை அறிதல் வேண்டும். செப்புக் கம்பியாயின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், சில வலையமைப்புகளில் மெய்நிகர் வலையின் எண்ணும் தேவை. டொயிச் ரெலிகொம் வலையமைப்பில் அவ்வெண் 7. தொலைக்காட்சிக் கேபிளாயின் மோடெமின் வன்பொருள் முகவரியையும், ஒளியிழையாயின் முனையக் கருவியின் தொடரெண்ணையும் நிறுவனத்திடம் பதிதல் வேண்டும். நிறுவனத்தின் பெட்டியை முற்றாக அகற்ற இயலாதவிடத்து அதனை வெறும் மோடெமாக, பாலநிலையில், இயங்கச் செய்து, அதன் பின்னாற் சொந்த வழிப்படுத்தியை வைக்கலாம். அவ்வாறன்றி இரண்டும் வழிப்படுத்துமாயின் முகவரி மாற்றம் இருமுறை நிகழ்ந்து, வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அணுகுதல் சிக்கலாகும். மென்பொருளையும் தாமே தெரிய விரும்புவோருக்கு ‘ஓப்பன்டபிள்யூஆர்ரி’ உண்டு. லிங்சிஸ் நிறுவனத்தின் வழிப்படுத்தியொன்றில் லினக்ஸ் பயன்பட்டமை வெளிப்பட்டு, உரிமத்தின்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட நேர்ந்ததன் பயனாகவே 2004இல் அது பிறந்தது.

இவையனைத்தையும் செய்தற்கு ஓய்வும் அறிவும் பணமும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பணிநேரம் முடிந்து களைத்து வரும் தொழிலாளிக்குச் சட்டம் தந்த உரிமை பெரும்பாலும் கடையில் வேறொரு பெட்டியைத் தெரியும் உரிமையாகவே குறுகுகின்றது. வாடகைக்குப் பெட்டி வழங்குவதை அச்சட்டம் தடுக்கவுமில்லை. ஆயினும் மாதவாடகையை நிறுத்தக் கருதுவோர் ஒன்றைக் கவனித்தல் நன்று: சொந்தக் கருவியில் இணையமும் தொலைபேசியும் ஒழுங்காக இயங்குவதைச் சில நாட்கள் கண்ட பின்னரே பழைய பெட்டியைத் திருப்பியனுப்பி, அதற்கான பற்றுச்சீட்டைப் பேணிக்கொள்ளல் வேண்டும்.