வேடம் போட்டவனுக்கு எந்தக் குரல்?

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது அம்மச்சிப்பிலாவு. எதிரிகள் துரத்தியபோது திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மர் இந்தப் பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஊர்க்கதை. அவர் அரியணைக்குப் போராடிய காலத்தை வைத்து சி.வி. ராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’ 1891இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் அது, தமிழிலும் வந்திருக்கிறது. அந்தத் தமிழ் நூலை ஒலிநூலாக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் உரிமை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை இந்தியாவில் பதிப்புரிமை நீடிக்கும். சி.வி. மறைந்தது 1922இல், மூலநூல் பொதுவுடைமை. ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கென்று அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும்.

கடினமான வேலை குரல்தான். செத்துப்போனதாக எல்லோரும் நம்பும் அனந்தபத்மநாபன், இந்நாவலில் பிராந்தன் சான்னானாக வேடமிட்டுத் திரிகிறான். அச்சில் பெயர் மாறினால் போதும், ரகசியம் நிற்கும். ஒலிநூலிலோ குரலே காட்டிக்கொடுத்துவிடும். முற்றிலும் வேறு குரல் கொடுத்தால், உண்மை தெரியும் இடத்தில் கேட்பவர் நம்பமாட்டார். குரலை அப்படியே வைத்து வேகத்தையும் நிறுத்தத்தையும் வட்டார வழக்கையும் மாற்றுவதே சரி என்பேன். அதற்கு, நாவலை முழுதாகப் படித்து யார் எந்த வேடத்தில் வருகிறார் என்று குறித்துக்கொண்ட பிறகே மைக் முன் உட்கார வேண்டும்.

வட்டார வழக்கிலும் கவனம் வேண்டும். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே 1956 நவம்பர் 1 முதல் கேரள, தமிழக எல்லை. இரு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்தே பேச்சு வரும். அதைச் சினிமா நகைச்சுவைபோல இழுத்து வாசிப்பது இம்மக்களை அவமதிப்பது. இங்கே வளர்ந்தவரையே வாசிக்க வைக்கலாம். முடியாவிட்டால் அப்படி ஒருவரைப் பக்கத்தில் இருந்து உரையாடல்களைச் சொல்லித்தரச் சொல்லலாம்.

ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஒலிநூல் விற்கும் ஆடிபிளுக்கு நூல் தயாரிக்கும் ஏசிஎக்ஸ் தளம், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு கோப்பு 120 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு ஒருவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேட்டுத் திருத்த வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டும் படித்தவர்கள் பாறசாலைப் பக்கம் உண்டு. தமிழ் எழுத்து அவர்களுக்கு ஓடாது; சொன்னால் புரியும். வெளியிடும் முன் அவர்கள் சிலருக்குப் போட்டுக்காட்டி, எங்கே பேச்சு பொருந்தவில்லை என்று கேட்டுத் திரும்பப் பதிவுசெய்ய வேண்டும்.