தாயைப் போலச் செடி

மைசூர் நகரின் வடமேற்கே, ஹெப்பாள் ஏரியையும் தொழிற்பேட்டையையும் சூழ்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தேவராஜ மார்க்கெட்டில் கிடைக்கும் மூன்று பொருள்கள் நன்கு பழக்கமானவை. ஒன்று மைசூர் வெற்றிலை. மற்றொன்று மைசூர் மல்லிகை. மூன்றாவது நஞ்சன்கூடு ரசபாளை என்னும் வாழைப்பழம். மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. இவற்றிடையே இன்னோர் ஒற்றுமையும் உண்டு. இவற்றுள் எதனையும் விவசாயிகள் விதையிட்டு வளர்ப்பதில்லை. வெற்றிலை கொடித்துண்டிலிருந்தும், மல்லிகை குச்சியிலிருந்தோ பதியனிலிருந்தோ, வாழை பக்கக் கன்றிலிருந்தும் பெருகுகின்றன.

இதன் காரணத்தை அறிந்துகொள்வதே பயிர்ப் பெருக்கத் தொழிலின் முதற்பாடம். விதை என்பது பெரும்பாலும் இரு பெற்றோரின் கலப்பு. நல்ல மாம்பழம் ஒன்றின் சுவையை மெச்சி, அதன் கொட்டையை நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து, முடிவில் நாரும் புளிப்புமான காயைக் கண்டு ஏமாந்தவர் பலர். குச்சியிலிருந்தும் மொட்டிலிருந்தும் கிழங்கிலிருந்தும் எழும் செடியோ தாய்ச்செடியின் தொடர்ச்சியே ஆகும். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மனிதப் பிள்ளைகளைக் காட்டிலும் செடிகளுக்கே அது பொருந்தும். நாற்றுப்பண்ணைக்காரர் விற்பது வெறும் செடியன்று. இன்ன மரத்தின் பழமே இதிலும் பழுக்கும் என்னும் உறுதிமொழி. ஆனால் தாயின் நற்குணம் வரும் வழியிலேயே தாயின் நோயும் வந்து சேரும் என்பதை இத்தொழிலில் புகுவோர் மறந்துவிடலாகாது.

தொழிலைக் கற்க விரும்புபவர் மல்லிகையில் தொடங்குவது நலம். பெரிய நிலம் தேவையில்லை. நிழலான ஒரு மூலையும் ஆற்று மணல் நிரப்பிய ஒரு தொட்டியும் போதும். முற்றியும் முற்றாமலும் உள்ள கிளையில், மூன்று கணுக்கள் அமையுமாறு குச்சியை நறுக்க வேண்டும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். கணுவை ஒட்டியே வேர்கள் எளிதில் எழும். கீழ் இலைகளை நீக்கி, மேலே ஓரிரண்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். வேரில்லாத குச்சி நீரை உறிஞ்ச வல்லதன்று. இலையோ நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். அந்த வரவுக்கும் செலவுக்கும் இடையே குச்சியை உலராமல் காப்பதுதான் வேலை முழுவதும். குண்டுமல்லிக் குச்சிகளின் அடிப்பாகத்தை இண்டோல் பியூட்டிரிக் அமிலக் கரைசலில், லிட்டருக்கு 1 கிராம் என்னும் அளவில், சில விநாடிகள் தோய்த்து நட்டால் வேர்ப்பிடிப்பு மிகும்.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். கீழைத் தமிழ் மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்த்துப் பழகியவர்கள், மைசூரில் ஆனி, ஆடி மாதங்களின் சாரலையும் ஈரக்காற்றையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நூறு குச்சி நட்டு எத்தனை பிழைத்தன என்பதை ஒரு நோட்டில் எழுதி வருவது அவசியம். நட்ட குச்சிகளின் எண்ணிக்கையன்று, விற்பனைக்கு நின்ற செடிகளின் எண்ணிக்கையே இலாபத்தைத் தீர்மானிக்கும்.

ஒட்டுக்கட்டுதல் கைத்திறம் வேண்டும் வேலை. வேர்ச்செடியின் பட்டைக்கடியில் உள்ள உயிர்ப்படலமும், ஒட்டுத்தண்டின் உயிர்ப்படலமும் ஒன்றையொன்று தொட்டு நின்றாலன்றி இரண்டும் கூடா. உறவற்ற செடிகளும் கூடா. மாவுக்கு மாவே வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து எழும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் உயர்ந்த இனம் மடிந்து, வேர்ச்செடியே மரமாகி நிற்கும்.

இனி ரசபாளையின் கதைக்கு வருவோம். மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ளது நஞ்சன்கூடு. அங்கு விளையும் இவ்வாழை, நாம் ரஸ்தாளி என வழங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. முன்னாளில் பரந்து விளைந்த இப்பயிர் அருகிப்போனதற்கு முதன்மைக் காரணம் பனாமா வாடல் நோய். பியூசேரியம் என்னும் பூஞ்சை வேர்வழியே நுழைந்து நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது. முதலில் அடியிலைகள் பழுத்து, தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. பின்னர் மரமே சாய்கிறது. வாழையை அழித்துவிட்டாலும் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும். நோய் தொடங்கிய தாயின் கன்று பார்வைக்குச் செழிப்பாகவே இருக்கும். அடுத்த தோட்டத்தில் கன்று கேட்டு வாங்குவது நம் நாட்டில் நட்பின் அடையாளம்; நோயும் அந்த நட்பின் தோள்மீதேறியே ஊர் ஊராகச் சென்றது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதி வாழையான கிராஸ் மிஷெல் இதே நோயால் வீழ்ந்து, 1960களுக்குள் கேவண்டிஷ் இனத்துக்கு இடம் விட்டது. இப்போது அந்த நோயின் வேறொரு வகை கேவண்டிஷையும் தாக்கி வருகிறது.

இதற்கு விடையாகவே திசு வளர்ப்பைப் பலர் நாடுகின்றனர். கிழங்கின் உள்ளே பொதிந்த நுனிக்குருத்தைத் தூய்மை செய்து, கண்ணாடிக் கலத்தில் ஊட்டக்கூழின்மீது வளர்ப்பது அம்முறை. முராசிகே, ஸ்கூக் என்னும் இரு அறிஞர்கள் 1962இல் வெளியிட்ட ஊட்டக் கலவை இன்றும் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் அடிப்படையாக உள்ளது. பூஞ்சையற்ற கன்றுகளை இவ்வழியில் ஆயிரக்கணக்கில் பெறலாம். ஆயினும் இதனை மந்திரமென்று கருதுதல் தவறு. நச்சுயிரி நோய்கள் குருத்தின் உள்ளேயே தங்கக்கூடும்; ஆதலின் தாயைச் சோதித்தே எடுக்க வேண்டும். ஒரே குருத்தை அளவுக்கு மீறிப் பன்முறை பெருக்கினால் வேறுபட்ட கன்றுகள் தோன்றும். கலத்திலிருந்து வெளிவந்த கன்றின் இலைகளில் மெழுகுப் பூச்சு போதாமையால், சில வாரங்கள் ஈரநிழலில் வைத்து மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தூய கன்றை நோயுற்ற மண்ணில் நட்டால் அதுவும் வாடவே செய்யும்.

ஆகவே கன்று வாங்குபவர் விலையைக் கேட்குமுன், தாய்ச்செடி எங்கே நிற்கிறது என்று கேட்பது நன்று. காட்டத் தயங்கும் பண்ணையை விட்டு அகலலாம். விற்பவருக்கும் இதில் பொறுப்பு பெரிது. மாங்கன்றில் செய்த பிழை நான்கைந்து ஆண்டு கழித்தே வாங்கியவர் கண்ணுக்குத் தெரியும், அதற்குள் அவருடைய நிலமும் உழைப்பும் கடனும் அதில் புதைந்திருக்கும். வாழைக் கன்றாயின், வாள்போன்ற குறுகிய இலையுடையதைத் தேர்ந்து, கிழங்கின் அடியைச் சிறிது சீவிப் பார்க்க வேண்டும். வெண்மையாக இருந்தால் மேற்கொண்டு ஆராயலாம். செம்பழுப்பு நிறப் புள்ளிகளோ கீற்றுகளோ தென்பட்டால் அக்கன்றை மட்டுமன்றி, அந்தத் தோட்டத்துக் கன்றுகள் அனைத்தையும் விலக்கிவிட்டு, சீவிய கத்தியையும் கழுவித் தீயில் காட்டிய பின்னரே வீட்டுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும்.